விதைக்கு விட்ட கத்தரிக்காய்

என்னங்க,

இயற்கை அங்காடி வண்டி வர்றதுக்குள்ள மீதிக் கத்தரிக்காயைப் பறிக்கணும், நான் தோட்டத்துக்குப் போறேன். குழம்பு அடுப்புல இருக்கு. வெறும் வயித்தோட வராதீங்க.

நம்ம பொண்ணு கண்ணை மூடறதுக்கு முன்னால, விதைக்கு விடணும்னு ஒரு காயில தன் ரிப்பனைக் கட்டினாளே, அதை நீங்கதான் பறிச்சிட்டீங்கன்னு நேத்து வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். "அவளைத்தான் காப்பாத்த முடியலை, அவ காயையுமா?"ன்னு கேட்டேன். நீங்க சாப்பிடாமலே எழுந்து போயிட்டீங்க.

இப்போ என் கூடையைக் கழுவினேன். அடியில ரிப்பன் கிடக்குது. நான்தாங்க பறிச்சிருக்கேன். உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரலை.

கொட்டகைச் சாவியை அந்த ரிப்பன் மேலதான் வச்சிருக்கேன், பார்த்து எடுங்க. முடிச்சை மட்டும் அவிழ்த்துடாதீங்க. அது அவ போட்டது.