மேல் வீட்டார் தண்ணீர் ஊற்றாத ஞாயிறு

குன்னூர்,
14.11.1996

அன்பு மகன் சகாயத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. (எழுதுவது உன் தங்கை மெட்டில்டா. அப்பாவின் வலது கையில் கட்டு. சொல்வது அவர், அடைப்புக்குறிக்குள் இருக்கும் கொசுறு என்னுடையது.) ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே மூவரும் சுகம், மஸ்கட் வெயிலில் நீ எப்படி இருக்கிறாய் என்று ஒளிக்காமல் எழுது. கையைப் பற்றிப் பயப்படாதே, துருப்பிடித்த இரும்பு கிழித்துவிட்டது, ஊசி போட்டாயிற்று. (ஊசியைப் பார்த்து அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் சிரிப்பை மூடிக்கொண்டார்.)

நம் வீட்டுக்கு அடியில் சரிவில் இருக்கும் கீழறையில் நான் ரிட்டயரானதிலிருந்து காளான் வளர்ப்பது உனக்குத் தெரியும். மேல் வீட்டு ஆறுச்சாமி அண்ணனின் கழிவுநீரைக் கொண்டுபோகும் பழைய வார்ப்பிரும்புக் குழாய் அந்த அறைச் சுவரை ஒட்டித்தான் இறங்குகிறது. காளான் உரம் நாறுகிறதென்று போன வருஷம் அவர் சத்தம் போட்டதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. இந்த மழையில் அவரே வேலியோரம் வந்து, ஏனுங்க சில்வஸ்டரு, இது உங்க உர நாத்தமில்லீங்க, வேற நாத்தமுங்க, என்னன்னு பாருங்க என்றார். வம்புக்கு வருகிறார் என்று நினைத்து, நாத்தத்துலயும் ரகம் பிரிக்கறீங்களா என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். காளான் அறை எப்போதும் ஈரம், எப்போதும் வாடை. தரை நனைந்திருந்தால் நாம் தெளித்த தண்ணீர், மூக்கைத் துளைத்தால் நம் உரம் என்றே இருந்துவிட்டோம். தெளிக்காத அன்றைக்கும் தரை சொதசொதவென்று கிடந்ததை அம்மாதான் பார்த்தாள். விளக்கைப் பிடித்தால் குழாயில் நீளவாக்கில் விரிசல். கீழ்த்தட்டுக் காளான் பைகளெல்லாம் அந்தக் கழிவுநீரில் நனைந்துவிட்டன, குழிவெட்டிப் புதைத்தோம். மேல்தட்டில் மட்டும் மொட்டு வைத்திருந்தது. போன வருஷம் ஒன்றும் தேறவில்லை, இதுவும் போனால் காளானையே விட்டுவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

முதலில் நானே சைக்கிள் டியூபைச் சுற்றி சிமெண்டு பூசினேன், கசிவு நிற்கவில்லை, கை கிழிந்ததுதான் மிச்சம். (அப்பா குழாயைச் சுற்றினார், குழாய் அப்பாவைச் சுற்றவிட்டது.) பிளம்பர் இசக்கி வந்து, விரிசல் விட்ட துண்டையே அறுத்தெடுக்கணும், அறுத்தப்புறம் மேல் வீட்ல ஒரு சொம்பு ஊத்துனாலும் நம்ம தலையிலதான் என்றார். அவருக்கு ஞாயிறுதான் ஒழிந்தது. அன்றைக்குத்தான் ஆறுச்சாமி அண்ணன் மகள் வேணியைப் பெண் பார்க்கக் கூடலூரிலிருந்து வருகிறார்கள்! எந்த முகத்தோடு கேட்பது? அம்மாதான் போனாள். அவர் ஒரு நிமிஷம் கூட யோசிக்காமல், அறுக்கச் சொல்லுங்க, ஒரு சொட்டு வராம நான் பாத்துக்கறேன் என்று சொல்லி அனுப்பினாராம்.

குழாயை அறுத்துத் திறந்து வைத்திருந்த நேரத்தில், காப்பியும் பஜ்ஜியும் சாப்பிட்ட மாப்பிள்ளையின் பெரியப்பா கழிவறையைத் தேடி எழுந்திருக்கிறார். அண்ணன் குறுக்கே நின்று, கையைப் பிடித்து, மழையில் குடைபிடித்து, நம் வாசல் வழியாக, நமக்குக் கீழே இருக்கும் இராஜமாணிக்கம் வீட்டுக்கு இறக்கிக் கூட்டிப்போனார். அவர்கள் வீட்டுக் குழாய், அறுத்த இடத்துக்குக் கீழேதான் வந்து சேருகிறது. பெரியவர் வழியெல்லாம், பொண்ணக் காட்டக் கூப்புட்டுப்போட்டு அடுத்தவங்க ஊட்டையெல்லாம் காட்டறீங்களே என்று முணுமுணுத்தார். (அவர் நடந்த வேகத்தில் குடை பின்னால்தான் போனது.) அண்ணனின் மனைவி மருதாம்பாள் பட்டுச்சேலையோடு எச்சில் பாத்திரங்களையும் அந்த வீட்டுக்கே சுமந்துபோய்க் கழுவினார். ஒரு சொட்டும் என் தலையில் விழவில்லை, காளான் மேலும் படவில்லை. இசக்கி புதுத் துண்டு வைத்து, இரண்டு முனையிலும் ரப்பர் உறை மாட்டி, கிளிப்பை இறுக்கினார். சாயங்காலம் அண்ணனே வாளியோடு நின்று, ஊத்தட்டுங்களா என்று கேட்டார். ஊத்துங்க என்றேன். ஒரு சொட்டுக் கசியவில்லை. எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

நேற்று காளான் வெள்ளை வெளேரென்று விரிந்துவிட்டது. கூடலூரிலிருந்து மட்டும் இன்னும் பதில் வரவில்லை. நம்மால் அந்தப் பெண்ணின் சம்பந்தம் தட்டிப்போகக் கூடாது, செபத்தில் வேணியை நினைத்துக்கொள். எனக்கு நேரில் நன்றி சொல்ல வாய் எழவில்லை, நீ பெரிய பிள்ளை, என் சார்பில் ஆறுச்சாமி அண்ணனுக்கு நாலு வரி எழுது. ராத்திரி பட்டினி கிடக்காதே. பூசைக்குப் போக மறக்காதே. மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரான அப்பா
சில்வஸ்டர் (இடது கையால்)

(அண்ணா, கையெழுத்துப் போட்டதும் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு, ஒரு கூடைக் காளானோடு மேலே படியேறிவிட்டார். ஜன்னல் வழியாகக் கேட்கிறது. அண்ணா என்று கூப்பிட்டுவிட்டுக் கூடையோடு வாசலிலேயே நிற்கிறார். உள்ளேயிருந்து ஆறுச்சாமி பெரியப்பா, மழைல ஏனுங்க நிக்கறீங்க, கதவு தெறந்துதான் கெடக்குது, வாங்க என்கிறார்.)