வெள்ளிக்கிழமை தராத மாத்து வண்டி

மாசி மாசம், வெள்ளிக்கிழமை.

கரண்டு காரைக் கோவில்பட்டியில சர்வீசுக்கு விட்டு ஒரு வாரம் ஆகுது. சர்வீஸ் முடியுற வரைக்கும் ஓட்ட மாத்து வண்டி தருவோம்னு சொல்லித்தான் வித்தாவ. இன்னைக்கு வீட்டுக்காரிக்குக் காலுல மாவுக்கட்டு பிரிக்கணும்னு கேக்கப் போனேன். மாத்து வண்டி கடை வாசல்லயே நிக்குது.

முதலாளி சொல்லுதாரு, "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை பொருளை வெளிய குடுக்க மாட்டோம். லட்சுமி போயிருவா. நாளைக்கு எடுத்துக்கிடுங்க."

"என் காரைப் போன வெள்ளிக்கிழமைதான வாங்கி வச்சிய? எங்க வீட்டு லட்சுமி போனா பரவால்லையாக்கும்?"

எல்லாரும் சிரிச்சாவ. சாவி மட்டும் தரல.

கட்டோட அவளை எப்படிப் பஸ்ல ஏத்த? கட்டு பிரிக்கிற டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவாரு. இன்னும் ஒரு வாரம். வீட்டுல அவ விளக்குமாத்துக் குச்சியக் கட்டுக்குள்ள விட்டுச் சொறிஞ்சுக்கிட்டே கேக்கா, "அங்கனயும் சிரிக்கச் சிரிக்கப் பேசிட்டுத்தான் வந்திருப்பிய?"

ஆமா.