முகவாயில் மூன்று தையல்

பிப்ரவரி 2, வெள்ளி

இன்று என் வீட்டுக்காரர் ராடெக்கோடு பேசியது நாலே நிமிஷம், வாசலில். மீன் ஆலையில் ராத்திரி வேலை முடிந்து நான் உள்ளே வர, அவர் கூரை வேலைக்குக் கிளம்ப. சூப் இருக்கு என்றார். மகள் ஹன்யாவுக்கு அஞ்சு வயசு. அப்பா அம்மா சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதை அவள் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

பிப்ரவரி 5, திங்கள்

பாலர் பள்ளி பூட்டிக் கிடந்தது. ஆசிரியைகள் கூடித் திட்டம் போடும் நாளாம், வருஷத்துக்கு அஞ்சு நாள் இப்படி. போன வாரமே ஹன்யா பையில் சீட்டு வந்திருக்கிறது, நார்வே மொழியில். நான் பார்க்கவில்லை. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

கார்ட்டூன் போட்டுவிட்டு சோஃபாவில் சாய்ந்தேன். கண்ணை மூடக் கூடாது என்றுதான் இருந்தேன். தடால் என்று ஒரு சத்தம். வெள்ளரி ஊறுகாய் பாட்டிலை எடுக்க நாற்காலி மேல் ஏறியிருக்கிறாள். முகவாய் பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். ஐயோ, நான் தூங்கிட்டேனே.

டாக்ஸியில் போகும்போது ஆலையில் நம்ம போலந்துப் பெண்கள் சொன்னதுதான் காதில் ஓடியது: ஆஸ்பத்திரியில் எதையும் உளறாதே, குழந்தை நல அதிகாரிகள் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள். யாருக்கு அப்படி நடந்தது என்று கேட்டால் ஒருத்திக்கும் தெரியாது. ஆனாலும் பயம் பயம்தானே.

ஹன்யாவின் நார்வே மொழி என்னுடையதைவிட நல்லது. ஆனால் அம்மாவுக்காகப் பிள்ளை மொழிபெயர்க்கக் கூடாதாம். டாக்டர் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். அச்சு அசல் எங்கள் பக்கத்துப் போலிஷ். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

விழும்போது பக்கத்திலேயே நின்றேன் என்றேன். எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று டாக்டர் கேட்டார். போனை நோக்கிக் குனிந்தேன். "அக்கா, இது நமக்குள்ள இருக்கட்டும். நான் தூங்கிட்டேன். இவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

"மேடம், இங்க பேசுற ஒவ்வொரு வார்த்தையையும் நான் சொல்லியாகணும்." சொன்னாள். சொல்லிடாதீங்க என்றதையும் சேர்த்தே சொன்னாள்.

டாக்டர் கடைசித் தையலை முடிச்சுப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க கடைசியா கட்டில்ல படுத்துத் தூங்கினது எப்போ?"

எனக்கு நினைவில்லை. போனில் அவளும் காத்திருந்தாள்.

பிள்ளைகளைக் கவனிக்கும் சுகாதார நர்ஸ் போனில் கூப்பிடுவார் என்றார் டாக்டர். மொழிபெயர்த்த பெண் வணக்கம் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். எந்த ஊர் என்று கேட்டிருக்கலாம். கேட்டுத்தான் என்ன?

பிப்ரவரி 6

"ஏன்டி உளறின?" என்றார் ராடெக். மேற்கொண்டு திட்டவில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார்; குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பிடுங்க வந்தால் ஊருக்கே ஓடிவிடலாம் என்று ஹன்யாவின் பாஸ்போர்ட்டை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 7

நர்ஸ் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 9

கூப்பிட்டார்கள். இந்த முறை மொழிபெயர்த்தது ஒரு ஆண். காயம் காய்கிறதா, பிள்ளை சாப்பிடுகிறாளா என்று கேட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. என் பிள்ளையை எடுத்துக்கொண்டு போவீர்களா என்று கேட்டேவிட்டேன். நர்ஸ் சிரிக்கவில்லை. "இல்லம்மா. உங்களுக்குப் பக்கத்துல யார் இருக்கா?"

யாருமில்லை. கீழ் வீட்டு சோல்வியோடு இரண்டு வருஷமாகத் தலையசைப்பு மட்டும். போய்க் கதவைத் தட்டுங்கள் என்றார் நர்ஸ். இந்த ஊரில் யார் கதவை யார் தட்டுகிறார்கள்?

பிப்ரவரி 11, ஞாயிறு

இரண்டு முறை பாதிப் படி இறங்கித் திரும்பினேன். மூன்றாவது முறை தட்டினேன். என் அரைகுறைப் பேச்சில், தூங்கணும், பிள்ளை, சனிக்கிழமை என்றேன். அவ்வளவுதான் வந்தது.

சோல்வி கதவை அகலத் திறந்தாள். "நானே கேக்கணும்னு ரெண்டு வருஷமா நெனச்சிட்டிருந்தேன். உனக்குத் தொந்தரவா இருக்குமோன்னு விட்டுட்டேன்." பாவி, முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா? நானும்தான் கேட்கவில்லை.

பிப்ரவரி 17, சனி

ராடெக்குக்கு இன்றும் வேலை. ஹன்யா காலையிலேயே கீழே போய்விட்டாள். உடை மாற்றி, கட்டிலில் படுத்து, போர்த்திக்கொண்டு தூங்கினேன். கண் விழித்தபோது மணி இரண்டரை. கீழே அவள் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் படுத்திருந்தேன்.