கடை திறக்கும்வரை மாத்திரை எதற்கு என்றிருந்தேன்

2020 மே 2, சனி. சென்னீர்குப்பம்.

காலையில் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது தலை சுற்றிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டுப் பெண், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள், மாஸ்க்கோடு ஓடி வந்து தன் மெஷினில் பிரஷர் பார்த்தாள். நூற்றெண்பதைத் தாண்டிவிட்டது.

"அங்கிள், மாத்திரை போடுறீங்களா இல்லியா?"

"ஊரடங்குல பெயின்ட் கடையே மூடிக்கீது. டென்ஷன் இல்ல. மாத்திரை இன்னாத்துக்கும்மா?"

கடை திறந்ததும் தேவைப்படும் என்று, இருந்த அட்டைகளைச் சரக்கு போலப் பதுக்கி வைத்திருந்தேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கடைக்குப் போட்ட பூட்ட ஒடம்புக்கும் போட்டுக்கினியாய்யா?"

அந்தப் பெண்தான் டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். கடைக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை, விட்டால் பக்கவாதம் வரலாம் என்று அவர் சத்தம் போட்டார். உடனே விழுங்கினேன். சாயங்காலம் அவளே வந்து மறுபடி பார்த்தாள். நூற்றைம்பது.

கடைக்கு ஒரு தடவை வந்தவர் பெயரைக்கூட நான் மறந்ததில்லை. இரண்டு வருஷமாக எதிரில் குடியிருப்பவளின் பெயரை இன்றைக்குத்தான் கேட்டேன். மேகலாவாம். நல்லா இருக்கட்டும்.