திங்கட்கிழமைக் கயிறு

மார்ச் 3, திங்கள்

இன்று கயிறு பெயிண்ட் பிரிவு மேனேஜர் கழுத்தில். எங்கள் காரில் எந்தப் பாகத்துக்கு அந்த வாரம் புகார் அதிகமோ, அந்தப் பாகத்தைக் கயிற்றில் கட்டி, அதற்குப் பொறுப்பானவர் கழுத்தில் மாட்டிவிடுவது சின்னவரின் ஏற்பாடு. முதலாளியின் மகன். வெளிநாட்டுக் கம்பெனிகள் நம் சந்தையை அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்ததும் கம்பெனியை நிமிர்த்த வந்தவர். பெயிண்டை எப்படிக் கட்டுவது? டப்பாவைக் கட்டினார்கள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

எந்தப் புகார் எந்தப் பிரிவுக்கு என்று பிரித்து எழுதுவது என் வேலை. கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் மேசை காலியாகிவிடும். வசதிதான், காலை நீட்டிக்கொள்ளலாம்.

மார்ச் 6

புது மாடலைப் பற்றி வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே புகார். பள்ளத்தில் இறங்கி ஏறினால் பின்கதவு தானாகத் திறந்துகொள்கிறது. கதவுப் பிரிவு மேனேஜர் — என் வீட்டுக்காரர்.

சாப்பிடும்போது சொன்னேன். தட்டைப் பார்த்தபடியே, "பூட்டுக்குள்ள இருக்கற ஸ்பிரிங்தான்" என்றார். "விலை குறைஞ்சதா போடச் சொன்னப்பவே தாங்காதுன்னு சொன்னேன். 'பயமா இருந்தா வீட்ல உக்காரு'ன்னான் சின்னவன்."

பிறகு, "சீட் பிரிவுக்குன்னு எழுதிடேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

மார்ச் 10, திங்கள்

கதவுப் பிரிவு என்றுதான் எழுதினேன். வேறு என்னத்தை எழுத? திறந்துகொள்வது கதவு.

சின்னவர் பூட்டைக் கயிற்றோடு என்னிடம் நீட்டினார். "நீங்களே மாட்டி விடுங்க மேடம். வீட்டுக்காரர்தானே, என்ன கூச்சம்?" அறையே குலுங்கியது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து கொடுத்தார். பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்குச் சட்டை மாட்டுவதுபோல மாட்டினேன். முடிச்சு காதில் சிக்கியது. எடுத்துவிட்டேன்.

சாயந்தரம் வரை கழற்றக் கூடாது என்று உத்தரவு. அதோடுதான் கேன்டீன் வரிசையில் நின்றார். ஸ்பிரிங்கைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 11

பேசவில்லை.

மார்ச் 14

"உப்பு" என்றார். இதைப் பேச்சுக் கணக்கில் சேர்ப்பதா?

ஏப்ரல் 8

கதவுப் புகார் ஒன்றுகூட இல்லை. குறைந்திருந்தால் நம்பலாம். அடியோடு நின்றால்?

ஒரு டீலருக்குப் போன் போட்டேன். "உங்க வீட்டு சார்தான் ஆள் விட்டுச் சொல்லிட்டாரே மேடம். யார் வந்தாலும் பூட்ட மாத்திக் குடு, கம்பெனிக்கு எழுதாதன்னு." மாற்றிக் கொடுப்பது எந்தப் பூட்டு? அதே பூட்டு. உள்ளே அதே ஸ்பிரிங்.

வீட்டில் கேட்டேன். "நீ எழுதின, நான் மாட்டிக்கிட்டேன். இப்ப எழுத ஒண்ணுமில்லல்ல? நிம்மதியா இரு."

பெயிண்ட்காரர், கியர்காரர், எல்லோரும் இதையேதான் செய்கிறார்களாம். சின்னவர் திரையில் காட்டிப் பூரிக்கிறார், புகார்க் கோடு சரசரவென்று இறங்குகிறது. பக்கத்திலேயே விற்பனைக் கோடும் இறங்குகிறது. அதற்கு வெளிச்சம் போதவில்லை போல.

நான் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. இன்னொரு தடவை அந்தக் கழுத்தில் — என் கையால — முடியாது.

மே 2

ஒரு அம்மா ஓடும் காரிலிருந்து ரோட்டில் விழுந்திருக்கிறார். திருப்பத்தில் பின்கதவு திறந்துகொண்டதாம். இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது. இனி நடப்பது சந்தேகம் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. படத்தில் கார். எங்க காரு. ஐயோ, எங்க காருதான்.

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். மாமியார் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம்.

மே 5, திங்கள்

இன்று கயிறு இல்லை. சின்னவர் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று கேட்டார். "டீலர்கள் வாய அடைச்சு வெச்சிருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது சார். தெரியாது சார். கேள்வி முடிவதற்குள்ளேயே தெரியாது என்றார் பெயிண்ட்காரர்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். "சார், ஸ்பிரிங் தாங்காதுன்னு உங்ககிட்டயே —"

"உக்காருங்க. உங்கள யாரும் இன்னும் கேக்கல."

பிறகு என் முன்னால். "மேடம், புகாரெல்லாம் உங்ககிட்டதானே வருது. உங்களுக்கு?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்ப்பதுபோல, சும்மா.

ரெண்டு பேர் வேலையும் போயிடுமேன்னு நினைச்சேனா? அப்படி எழுதினால் கௌரவமாக இருக்கும். ஒண்ணும் நினைக்கல. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிச்சு.

"தெரியாது சார்."

அவரை மட்டும் அங்கேயே வேலையை விட்டு நீக்கினார்கள். கேட்டில் வாட்ச்மேன் அவர் பையைக் கவிழ்த்துப் பார்த்து அனுப்பினான்.

நான் வீட்டுக்குள் நுழையும்போதே மாமியார் கேட்டார். "நீயும் அந்த ரூம்லதானம்மா இருந்த?"

"ஆமா அத்தை."

அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

மே 6

கதவுப் பிரிவையும் சேர்த்து என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அவர் நாற்காலியில் எனக்குக் கால் தரையில் எட்டவில்லை.

ஜூலை 17

ஹைவேக்கு அந்தப் பக்கம் இருக்கிற வெளிநாட்டுக் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. அங்கே ஒரு கொட்டகையில் எங்கள் கார்களை வாங்கி அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்களாம். இனி அதுதான் இவர் வேலை.

"மறைச்சதச் சொன்னீங்களா?"

"எல்லாத்தையும் சொன்னேன். வேர்த்துக் கொட்டிடுச்சு. திட்டல. எழுதினா என்ன ஆகும்னு பயந்தீங்கன்னு மட்டும் கேட்டாங்க. கயித்தப் பத்திச் சொன்னேன். சிரிப்பாங்கன்னு பாத்தேன், ஒருத்தரும் சிரிக்கல."

"அவ்வளவு நல்லவங்களா?"

"நல்லவங்கன்னு யார் சொன்னா? என்னைய உரிச்சு எடுத்தாங்க. உள்ள இருந்தது அவங்களுக்குத் தேவைப்பட்டுது."

செப்டம்பர் 21

ஞாயிறு. துணி மடித்துக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நாளைக்கப்புறம்.

"அங்க உனக்கும் ஒரு இடம் இருக்கு. சொல்லட்டுமா? பெருசா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அன்னைக்கு அந்த ரூம்ல நீ என்ன சொன்னேன்னு கேப்பாங்க, அவ்வளவுதான்."

சிரித்தபடிதான் சொன்னார். கூப்பிடுகிறாரா, குத்துகிறாரா? இந்த மனுஷனுக்கு இவ்வளவு நிதானம் எங்கிருந்து வந்தது?

"வேண்டாங்க" என்றேன். சரி என்று எழுந்து போய்விட்டார். மடித்த துணியை உதறி மறுபடியும் மடித்தேன்.

நவம்பர் 3, திங்கள்

இரண்டாவது ஷிஃப்ட்டை நிறுத்தியாயிற்று. இன்று முதலாளியே கூட்டத்துக்கு வந்திருந்தார். கிழவர் ஒரே கேள்விதான் கேட்டார். "அவன் வண்டி விக்குது, நம்ம வண்டி ஏன் விக்கல?"

வரி என்றார் ஒருவர். விளம்பரம் போதாது என்றார் பெயிண்ட்காரர். என் முறை வந்தது.

இப்போது பின்சீட் பெல்ட் நழுவுகிறது. போன வாரம் ஒரு டீலர் போனில் சொன்னார். எழுத வேண்டாம், மாற்றிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

"ஜனங்களுக்கு வெளிநாட்டு மோகம் சார்" என்றேன்.

முதலாளி தலையாட்டினார். "சரியாச் சொன்னீங்க மேடம்" என்றார் சின்னவர்.