வாய்க்கால் வழி

திருவாரூர்
20.11.2023

அம்மா,

அப்பாவின் சவப்பெட்டியை வாய்க்காலுக்குள் இறக்க வைத்தவர்களுக்கு நீ நன்றி சொன்னாய். போனில் கேட்டால் அழுதுவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

கோயில் தெரு தார் ரோடு. கல்லறைத் தோட்டத்துக்கு நேராகப் போகிறது. அந்தத் தெருக்காரர்களும் நம் சபைதான், ஒரே பந்தியில் அப்பம் வாங்குகிறவர்கள்தான். ஆனால் நம் தெருவில் செத்தால் அந்த ரோட்டில் விடமாட்டார்கள், வாய்க்காலில் இறங்கி, வயல் வரப்பில் ஏறித்தான் போகவேண்டும். ஐப்பசி மழையில் பெட்டி சாய்ந்து, தம்பி சேரன் தோளை முட்டுக் கொடுத்தானே, பார்த்தாய்தானே? மறுவாரமே ஆராதனையில் எழுந்து, "எந்த நிலையிலும் மனரம்மியமா இருக்கேன்" என்று வேத வசனத்தைச் சொல்லி, மனக்குறை எதுவுமில்லை என்று சாட்சி சொல்லியிருக்கிறாய். கோயில் தெருவே ஆமென் போட்டதாம். போடாமல் என்ன செய்வார்கள்?

எழில்மொழி


29.11.2023

கர்த்தருக்குள் பிரியமான மகள் எழிலுக்கு அம்மா எழுதுவது. அவர் கிருபையால் நானும் சேரனும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உங்கப்பா போனதிலிருந்து எனக்கு மூச்சே அடைச்ச மாதிரி இருந்துச்சு. அந்தத் தண்ணியில இறங்கினப்பதான் மனசு அடங்குச்சு. கர்த்தர் என்கூட நடந்தார். அதைத்தான் சொன்னேன். அது கோயில் தெரு கொடுத்ததில்லை, அவங்களால எடுக்கவும் முடியாது. நீ எடுக்கப் பாக்குறே.

அறுப்பின் பண்டிகைக்குப் பேராயர் வர்றார். மறுபடி சாட்சி சொல்லணும்னு போதகர் கேட்டார். சரின்னுட்டேன். இனிமே கோபத்தோட எழுதாதே.

உன் அம்மா
பொன்னுத்தாய்


7.12.2023

அம்மா,

உன் சமாதானம் பொய் என்று நான் சொல்லவில்லை. நீ சொல்வது பாதி சாட்சி. மனரம்மியத்தைப் பற்றி எழுதிய அப்போஸ்தலர் சிறையிலிருந்து எழுதினார், விலங்கையும் சேர்த்துத்தான் எழுதினார். நீயும் பேராயர் முன்னால் வாய்க்காலைச் சொல். தண்ணீர் எதுவரை இருந்தது என்று சொல். பக்கத்தில் ரோடு சேறில்லாமல் சும்மா கிடந்ததையும் சொல்.

எழில்


18.2.2024

அம்மா,

பதில் இல்லை. பண்டிகையும் முடிந்தது. சேரன் சொன்னான்: பேர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்தாயாம். கோயில் தெரு உட்காரும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாயாம். வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டாயாம். "அம்மாவுக்குத் துக்கம் தாங்கலை" என்று போதகர் ஜெபம் பண்ணி, காணிக்கையாக வந்த முதல் கதிரை ஏலம் விட்டாராம். அப்பாவைத் தூக்கிப்போன வரப்பை ஒட்டிய வயலின் கதிர். கோயில் தெருக்காரர் ஒருவர்தான் எடுத்தாராம். பேசினாலும் ஆமென், பேசாவிட்டாலும் ஜெபம். இரண்டும் அவர்களுக்கு வசதி.

யாரைப் பார்த்து நின்றாய், எதற்கு நின்றாய் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்கு வேறொன்று தெரியவேண்டும். நாளைக்கு நீ கண்ணை மூடினால் உன்னை நானும் சேரனும்தான் தூக்குவோம். கோயில் தெருவில் தூக்கிக்கொண்டு நுழைந்தால், "அந்தம்மா இதெல்லாம் விரும்பாது, அவங்க மனரம்மியமா இருந்தவங்க" என்று வழிமறிப்பார்கள். அப்போது காட்ட உன் கையெழுத்தில் ஒரு வரி வேண்டும்.

தெருவா, வாய்க்காலா? எழுது.

எழில்