ஏழாம் நிலையில் மூக்குத்திப்பூ

மார்ச் 6, வெள்ளி

காலையில் மாம்பலத்தில் ரயில் பிடித்து இவரும் நானும் பரங்கிமலைக்குப் போனோம். தவக்காலம் வந்தால் வருஷா வருஷம் அந்தப் படியேறி சிலுவைப்பாதை செய்வோம். இயேசு சிலுவை சுமந்த பதினான்கு நிலைகளையும் புத்தகம் இல்லாமல் இவர்தான் சொல்வார். பதில் சொல்வது நான்.

போன வாரம் பெய்த மழையில் படியோரமெல்லாம் காட்டுப்பூக்கள். ஜெபத்துக்கு நடுவிலேயே, "ஸ்டெல்லா, தும்பை பாரு" என்றார். முறைத்தேன். ஏழாம் நிலை முடிந்ததும் குனிந்து, கல்லிடுக்கில் ஒரு மஞ்சள் பூவைக் காட்டினார். "மூக்குத்திப்பூ. உன் மூக்குல கீறதவிட நல்லா கீது." சிரித்துவிட்டேன்.

அடுத்த நிலைக்கு ஏறினோம். எட்டு என்று சொல்ல வேண்டிய இடத்தில் மறுபடியும் ஏழாம் நிலை என்று ஆரம்பித்தார்.

போன மாதம் எங்கள் தெருவிலேயே வீடு தெரியாமல் நின்றவர். திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறோம். திருத்த மனசு வரவில்லை. வழக்கமான பதிலையே சொன்னேன். ஒரு நிலை தள்ளிப்போனதால் பதினான்காம் நிலையை உச்சியில், கோயில் வாசலில் நின்று முடித்தோம்.

திரும்பும்போது ரயிலில் கேட்டார். "ஏழாம் நிலைய ரெண்டு வாட்டி சொன்னேன் இல்ல?"

"ஆமாங்க."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"பூவையே பாத்துக்கினு இருந்தேன். கவனிக்கல."

"நானும் அதான்" என்று என் கையைப் பிடித்தார். மாம்பலம் வரும்வரை விடவில்லை.